உள்ளீடற்ற பூமிக் கொள்கையும் அதன் படநூல்களும்

உள்ளீடற்ற பூமிக் கொள்கை என்பது, நாம் வாழும் பூமி உள்ளே வெற்றிடம் கொண்ட ஓர் ஓடு என்றும், அந்த ஓட்டின் உட்புறத்தில் நிலமும் கடலும் உயிர்களும் இருக்கக்கூடும் என்றும் கூறும் கருத்தாகும். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது ஓர் அறிவியல் கருதுகோளாக முன்வைக்கப்பட்டது. அடுத்த நூறாண்டுகளுக்குள் அதற்கு எதிரான அளவீடுகள் கிடைத்துவிட்டன. ஆயினும் 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் இதை ஆதரித்துப் பல நூல்கள் வெளிவந்தன. அவற்றுள் பெயர் பெற்றவை வரைபடங்களும் ஓவியங்களும் கொண்டவை. அந்தப் படங்களே இன்று கைப்பேசிக் காணொளிகளாகச் சுற்றி வருகின்றன. "பாதாள லோகம் உண்மை என்று நிரூபிக்கப்பட்டது" என்ற தலைப்புடன் அவை தமிழிலும் வருவதால், இக்கொள்கை எங்கிருந்து வந்தது, எதனால் கைவிடப்பட்டது என்பதை மாணவர்களும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. இக்கொள்கையின் ஒரு கிளை பிரெஞ்சு ஆட்சிக்கால இந்தியாவோடு தொடர்புடையது. அதை மறுக்கும் சான்றுகளில் முதன்மையான ஒன்றும் இந்திய மண்ணிலிருந்தே கிடைத்தது.

தமிழ் மரபில் கீழுலகங்கள்

பூமிக்குக் கீழே உலகங்கள் உண்டு என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. அதலம், விதலம், சுதலம், தராதலம், மகாதலம், இரசாதலம், பாதாளம் எனக் கீழேழு உலகங்களைப் புராணங்கள் கூறுகின்றன. மண்ணுக்குள் செல்லும் குகைவழிக்குத் தமிழில் 'பிலம்' என்று பெயர். கம்பராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில் 'பிலம் புக்கு நீங்கு படலம்' உண்டு. சீதையைத் தேடிச் சென்ற வானரர்கள் இருண்ட பிலத்துள் நுழைந்து, உள்ளே ஒளிமிக்க ஒரு நகரையும் அங்கே தவமிருக்கும் சுயம்பிரபையையும் காண்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், சோழ மன்னன் ஒருவன் பிலத்துவாரம் வழியாக நாகலோகம் சென்று நாககன்னியை மணந்த செய்தியைக் குறிப்பிடுகிறார். தொண்டைமான் இளந்திரையனின் பிறப்புக் கதை இதனோடு இணைந்தது.

வானியல் நூலான சூரிய சித்தாந்தமும் பாதாளத்தைப் பேசுகிறது. பூமியை ஓர் உருண்டையாகக் கொள்ளும் அந்நூல், பூகோளத்தைப் பற்றிய அத்தியாயத்தில், நாகரும் அசுரரும் வாழும் ஏழு பாதாளங்கள் அந்த உருண்டைக்குள்ளேயே உள்ள குழிகள் என்கிறது. மேரு மலை உருண்டையின் நடுவே ஊடுருவி இரு முனைகளிலும் வெளியே நீள்வதாகவும் கூறுகிறது. ஆகவே "இந்தியர்கள் இதை முன்பே அறிந்திருந்தனர்" என்று இக்கொள்கையின் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மரபு நூல்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஒவ்வொரு கீழுலகமும் பத்தாயிரம் யோசனை ஆழம் என்று விஷ்ணு புராணம் சொல்கிறது. ஏழும் சேர்ந்தால் 70,000 யோசனை. சூரிய சித்தாந்தமோ பூமியின் விட்டமே 1,600 யோசனைதான் என்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் வரைய முடியாது. இரண்டாவது, சித்தாந்த வானியலாரின் கிரகணக் கணக்கில் பாதாளத்துக்கு எந்த இடமும் இல்லை. பூமியின் நிழலும் நிலவின் இயக்கமும் மட்டுமே கணக்கில் வரும். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதர் முறை 41 விநாடி மட்டுமே குறைவாகக் காட்டியதையும், அன்றைய ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி கூடுதலாகக் காட்டியதையும், புதுச்சேரியில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி பதிவு செய்திருக்கிறார். கணக்குச் சரியாக வந்ததற்குக் காரணம் உருண்டை வடிவமும் நீண்டகாலக் கவனிப்பும். பாதாளம் நம்பிக்கைக்கும் இலக்கியத்துக்கும் உரியதாகத் தனியே நின்றது.

ஹாலியின் கோளங்கள்

இக்கொள்கையை அறிவியல் மொழியில் முதலில் சொன்னவர், வால்மீனால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி. 1692-இல் அவர் இலண்டன் அரச கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். திசைகாட்டியின் முள் சரியான வடக்கைக் காட்டாமல் சற்று விலகி நிற்கும். அந்த விலகல் ஆண்டுக்காண்டு மாறுவதுடன், மாற்றம் மேற்கு நோக்கி நகர்வதையும் ஹாலி கண்டார். கப்பலோட்டிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பூமி முழுதும் ஒரே கெட்டிக் காந்தமாக இருந்தால் முள் ஏன் மாற வேண்டும்? மேலே சுமார் 500 மைல் தடிமனுள்ள ஓடு, அதற்குள் இடைவெளி விட்டு வேறு கோளங்கள், அவை சற்றே வேறுபட்ட வேகத்தில் சுழல்கின்றன என்று கொண்டால் விடை கிடைக்கும் என அவர் கருதினார். கட்டுரையுடன் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோளங்களைக் காட்டும் படமும் இருந்தது. தம் எண்பதாம் வயதில் வரையப்பட்ட உருவப்படத்தில்கூட அவர் அந்தப் படத்தைக் கையில் பிடித்திருக்கிறார்.

ஹாலிக்கு இன்னோர் ஆதாரமும் இருந்தது. நிலவு பூமியைவிட 9-க்கு 5 என்ற விகிதத்தில் அடர்த்தி மிக்கது என்று நியூட்டன் 1687-இல் கணக்கிட்டிருந்தார். அப்படியானால் பூமியின் 9-இல் 4 பங்கு வெற்றிடமாக இருக்கலாம் அல்லவா? ஆனால் நியூட்டனின் அந்த எண் தவறானது. உண்மையில் பூமியின் சராசரி அடர்த்தி கன செ.மீ.க்கு 5.51 கிராம், நிலவினுடையது 3.34 கிராம். காந்த முள்ளின் நகர்வைப் பற்றிய ஹாலியின் கவனிப்பு மட்டும் சரியாகவே இருந்தது. பூமியின் வெளிக்கருவில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருப்பதே அந்த மாற்றத்துக்குக் காரணம் என்பது இன்றைய விளக்கம்.

துருவத் துளைகள்

ஹாலியின் ஓட்டில் வாசல் இல்லை. வாசல் வைத்தவர் அமெரிக்க முன்னாள் படைத்தலைவர் ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ். 1818 ஏப்ரலில் செயிண்ட் லூயிஸ் நகரிலிருந்து உலகுக்கே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பூமி உள்ளீடற்றது, இரு துருவங்களிலும் பெரிய திறப்புகள் உள்ளன, நூறு துணிச்சலான தோழர்களும் கலைமான்களும் சறுக்கு வண்டிகளும் கிடைத்தால் சைபீரியாவிலிருந்து புறப்பட்டு உள்ளே செல்லத் தயார் என்பது அதன் செய்தி. தம் புத்தி தெளிவாக இருக்கிறது என்பதற்கு ஒரு சான்றிதழையும் அவர் இணைத்திருந்தார். அவர் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் விண்ணப்பங்கள் சென்றன. அவர் கொள்கையை நூலாக்கியவர் ஜேம்ஸ் மெக்பிரைட் (1826). ஒஹாயோ மாநிலத்தின் ஹாமில்டன் நகரில் சிம்ஸின் கல்லறை மேல் நடுவில் துளையிட்ட கல்லுருண்டை ஒன்று நிற்கிறது.

பின்னர் 1864-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்ன், பூமியின் நடுவை நோக்கிய பயணக் கதையை எழுதினார். எதுவார் ரியூ வரைந்த ஓவியங்களுடன் வந்த பதிப்பு, நிலத்தடிக் கடலையும் பழங்கால விலங்குகளையும் வாசகர் கண்முன் நிறுத்தியது. அது கதை என்று சொல்லியே வந்த கதை. பிற்கால ஆதரவு நூல்கள் அதே வகை ஓவியங்களை உண்மை என்ற பெயரில் அச்சிட்டன.

மார்ஷல் கார்டினரின் படநூல்

இந்த வரிசையில் தனித்து நிற்பது, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து அரோரா ஊரைச் சேர்ந்த மார்ஷல் கார்டினர் எழுதிய 'பூமியின் உட்புறத்துக்கு ஒரு பயணம்' என்ற நூல். அவர் பெண்களின் இடுப்புக் கச்சை தயாரிக்கும் ஆலை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர். பகலில் ஆலை வேலை, ஓய்வில் துருவப் பயணிகளின் குறிப்புகளைப் படித்தல் எனப் பல ஆண்டுகள் உழைத்து, 1913-இல் சொந்தச் செலவில் ஒரு சிறுநூலை வெளியிட்டார். 1920-இல் அதை 400 பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூலாக விரித்தார்.

அவர் வரைந்த பூமி இது: ஓட்டின் தடிமன் 800 மைல். இரு துருவங்களிலும் 1,400 மைல் அகலத் திறப்பு. நடுவில் 600 மைல் விட்டமுள்ள ஓர் உட்சூரியன். திறப்பின் விளிம்பு வளைவாக இருப்பதால், கப்பலில் செல்பவர் தாம் உள்ளே திரும்புவதை உணராமலே நுழைந்துவிடுவார். 1,400 மைல் என்பது சுமார் 2,250 கி.மீ. புதுச்சேரிக்கும் தில்லிக்கும் இடையிலுள்ள நேர்கோட்டுத் தொலைவைவிட இது அதிகம்.

இதைக் கொண்டு அவர் பல புதிர்களை விளக்க முயன்றார். துருவ ஒளி என்பது உட்சூரியனின் ஒளி திறப்பு வழியே கசிவது. சைபீரியப் பனியில் கெடாமல் கிடைக்கும் மாமத யானைகள் உள்ளுலகிலிருந்து வந்து உறைந்தவை. செவ்வாயின் துருவ வெண்மைகூட அக்கோளின் உட்சூரிய ஒளியே. இக்கருத்தை விளக்கும் திறக்கக்கூடிய பூகோள மாதிரி ஒன்றுக்கு 1914-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். பிற்கால நூல்கள் இந்தக் காப்புரிமைப் படத்தை "அரசே ஏற்றுக்கொண்ட சான்று" எனக் காட்டுகின்றன. காப்புரிமை அலுவலகம் பார்ப்பது, ஒரு பொருளின் அமைப்பு புதியதா என்பதைத்தான். மாதிரி எதைக் காட்டுகிறதோ அது உலகில் உண்டா என்பதை அது சோதிப்பதில்லை.

கார்டினரின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் படித்தார், தொகுத்தார், வரைந்தார். தம் கொள்கை சரியென்றால் துருவத்துக்குச் செல்பவர் திறப்பைக் காண்பார் என்று சோதனைக்கு உட்படக்கூடிய வகையிலும் பேசினார். அந்தச் சோதனை 1926 மே மாதம் நடந்தது. அமுண்ட்சென், நோபிலே குழுவினர் 'நோர்கே' என்ற வான்கப்பலில் வட துருவத்துக்கு மேலாகப் பறந்து அலாஸ்காவை அடைந்தனர். கீழே தெரிந்தது பனி மட்டுமே. துளை எதுவும் இல்லை.

பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போன ஒரு நகரம்

இன்றைய காணொளிகளில் உள்ளுலகின் தலைநகர் 'அகார்த்தா' என்று சொல்லப்படுகிறது. இப்பெயர் எந்தத் தமிழ் நூலிலிருந்தும் வந்ததன்று. லூயி ஜாக்கோலியோ (1837–1890) என்ற பிரெஞ்சுக்காரர் 1860-களில் பிரெஞ்சு இந்தியக் குடியேற்றங்களில் நீதிபதியாகப் பணியாற்றினார். ஊர் திரும்பிய பின் இந்தியாவைப் பற்றி ஏராளமாக எழுதினார். 1873-இல் வெளிவந்த நூலொன்றில், பிராமணர்கள் தமக்குச் சொன்னதாக, 'அஸ்கார்த்தா' என்ற பழைய சூரிய நகரத்தைக் குறிப்பிட்டார். அவர் மேற்கோள் காட்டிய சமஸ்கிருத நூல்கள் பலவற்றை அறிஞர்களால் கண்டறிய முடியவில்லை. விவிலியமும் இந்தியாவும் குறித்து அவர் எழுதிய நூலை மாக்ஸ் முல்லர் கடுமையாகவே விமரிசித்தார்.

ஜாக்கோலியோவின் நகரம் பழங்காலத்துக்கு உரியது, தரைமேல் இருந்தது. அதை மண்ணுக்குள் இறக்கி, இன்றும் இயங்குவதாக மாற்றியவர் சேன்-ஈவ் டால்வேத்ர் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர். 1886-இல் அவர் எழுதி, தாமே அழித்த நூல் 1910-இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. 1922-இல் போலந்து எழுத்தாளர் ஒசெண்டோவ்ஸ்கி மங்கோலியப் பயண நூலில் அதே போன்ற கதையைச் சொன்னார். 1964-இல் ரேமண்ட் பெர்னார்ட் என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்கர் இந்த நகரத்தையும் கார்டினரின் ஓட்டையும் பறக்கும் தட்டுகளையும் ஒரே நூலில் சேர்த்தார். இப்படி ஒரு பெயர் நான்கு கைகள் மாறி, 'இந்தியாவின் தொன்மையான இரகசியம்' என்ற முத்திரையுடன் நமக்கே திரும்பி வந்திருக்கிறது.

படம் சான்றாவது எப்போது?

ஆதரவு நூல்களில் இரண்டு வகைப் படங்கள் உள்ளன. ஒன்று, ஆசிரியரின் எண்ணத்தை விளக்கும் வரைபடம். கார்டினரின் வெட்டுத்தோற்றப் படம் இவ்வகை. அது "நான் இப்படி நினைக்கிறேன்" என்பதைத்தான் காட்டும். பாடநூலில் உள்ள பூமியின் உட்பகுதிப் படமும் வரைபடமே. வேறுபாடு, அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் உள்ள அளவீட்டில் இருக்கிறது.

மற்றொன்று உண்மையான ஒளிப்படம், பொருள் மட்டும் தவறாகச் சொல்லப்பட்டது. 1968 நவம்பர் 23-ஆம் நாள் எஸ்ஸா-7 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் எடுத்த வட துருவப் படம் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் நடுவே வட்டமான கரும்பகுதி தெரிகிறது. 1970-இல் ரே பால்மர் என்பவர் இதைத் துருவத் துளையின் ஒளிப்படம் என்று தம் இதழில் வெளியிட்டார். அந்தப் படம் ஒரு நாள் முழுதும் எடுத்த பல துண்டுகளை ஒட்டித் தைத்தது. நவம்பர் இறுதியில் வட துருவத்தில் சூரியன் உதிப்பதே இல்லை. வெளிச்சம் படாத பகுதி கருப்பாகத்தான் வரும். அதே பகுதி கோடைக்காலப் படங்களில் வெண்பனியாகத் தெரிகிறது.

எழுத்துச் சான்றுகளிலும் இதே நிலைதான். கடற்படை அதிகாரி பெர்ட் 1947 பிப்ரவரியில் வட துருவத்தைத் தாண்டி உள்ளுலகுக்குப் பறந்தார் என்று பெர்னார்ட் எழுதினார். அந்த மாதத்தில் பெர்ட் பெரும் கப்பற்படையுடன் பூமியின் மறுமுனையான அண்டார்க்டிகாவில் இருந்தார். நாள், இடம் இரண்டையும் சரிபார்த்தாலே இந்தக் கூற்று விழுந்துவிடுகிறது.

பூமியை எடைபோட்டவர்கள்

துருவத்துக்குப் போகாமலே இக்கொள்கையைச் சோதிக்க முடியும். 1774-இல் நெவில் மாஸ்கெலின் ஸ்காட்லாந்து மலையொன்றின் அருகே தூக்குக்குண்டு எவ்வளவு சாய்கிறது என்று அளந்தார். மலை குண்டை இழுக்கும் அளவையும் பூமி இழுக்கும் அளவையும் ஒப்பிட்டு, பூமியின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ நான்கரை மடங்கு என்று சார்ல்ஸ் ஹட்டன் கணக்கிட்டார். 1798-இல் ஹென்றி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளைக் கொண்டு செய்த நுட்பமான சோதனை அதை ஏறத்தாழ ஐந்தரை மடங்கு எனத் திருத்தியது. மேற்பரப்புப் பாறைகளின் அடர்த்தி 2.7 முதல் 3 வரைதான். ஆகவே உள்ளே இருப்பது மேலே இருப்பதைவிடக் கனமான பொருள்.

கார்டினரின் எண்களைப் போட்டுப் பார்ப்போம். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. ஓட்டின் தடிமன் 800 மைல், அதாவது 1,287 கி.மீ. உள் ஆரம் 5,084 கி.மீ. இரண்டு ஆரங்களின் விகிதம் 0.798, அதன் மும்மடி 0.508. எனவே பூமியின் கன அளவில் 51 விழுக்காடு வெற்றிடம், 49 விழுக்காடு ஓடு. மொத்த எடை மாறாமல் இருக்க வேண்டுமானால் ஓட்டின் சராசரி அடர்த்தி 5.51-ஐ 0.492-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 11.2. ஈயத்தின் அடர்த்தி 11.34. நாம் தோண்டும் கருங்கல்லும் களிமண்ணும் 3-க்கும் குறைவாக இருக்க, ஓடு முழுவதும் ஈயத்தால் ஆனதுபோல் இருந்தால்தான் கணக்குச் சரியாகும். பத்தாம் வகுப்பு மாணவர் இதைத் தாமே செய்து பார்க்கலாம்.

உள்ளே மக்கள் நடக்க முடியுமா என்பதற்கும் பழைய விடை உண்டு. சீரான கோள ஓட்டின் உள்ளே எந்த இடத்திலும் ஓட்டின் ஈர்ப்பு விசைகள் ஒன்றையொன்று சமன் செய்து சுழியாகிவிடும் என்று நியூட்டன் நிறுவினார். உட்புறத் தரையில் நிற்பவரைத் தரையோடு ஒட்டவைக்கப் பூமிச் சுழற்சியின் மையவிலக்கு மட்டுமே மிஞ்சும். கார்டினரின் ஓட்டில், நிலநடுக்கோட்டில் நிற்கும் 60 கிலோ மனிதரின் எடை அப்போது சுமார் 165 கிராமாக இருக்கும். துருவம் நோக்கிச் செல்லச் செல்ல அதுவும் குறையும். நடுவிலுள்ள சூரியனின் ஈர்ப்பு அவரை மேலே இழுத்து இன்னும் குறைக்கும். அந்தச் சூரியனை நடுவிலேயே பிடித்து வைக்க ஓட்டிடம் விசை ஏதும் இல்லை. சிறு தள்ளல் போதும், அது நகர்ந்து ஓட்டில் மோதிவிடும்.

இந்தியாவிலும் இக்கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடித்தளக் கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவை, இமயமலை வரை நீண்டது. இமயம் தூக்குக்குண்டை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்கே இழுப்பதாக 1855-இல் ஜான் பிராட் கண்டார். அவர் எதிர்பார்த்த வேறுபாடு ஏறத்தாழ 15.9 விகலை, அளவையில் கிடைத்தது 5.2 விகலை. அப்படியானால் மலை உள்ளீடற்றதா? அதே ஆண்டில் ஜார்ஜ் ஏரி விடை தந்தார்: நீரில் மிதக்கும் பனிப்பாறைபோல, மலையின் அடியில் அடர்த்தி குறைந்த பாறை வேராக ஆழ்ந்து நிற்கிறது. புதிர் உண்மையானது, அதற்கு வெற்றிடம் தேவைப்படவில்லை.

அஸ்ஸாம் நிலநடுக்கம் காட்டிய கரு

பூமிக்குள் மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா பகுதியில் உள்ளது, ஆழம் 12.262 கி.மீ. இது பூமியின் ஆரத்தில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. "அதற்குக் கீழே யாரும் பார்த்ததில்லையே" என்பது ஆதரவாளர்களின் வாதம். வயிற்றைத் திறக்காமல் மருத்துவர் ஒலியலையால் பார்ப்பது போல, நிலநடுக்க அலைகள் பூமியின் உட்புறத்தைக் காட்டுகின்றன.

1897 ஜூன் 12-இல் அஸ்ஸாமில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதை ஆராய்ந்து 1899-இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். ஐரோப்பியக் கருவிகளில் அதே நிலநடுக்கம் மூன்று தனித்தனி அலைகளாகப் பதிவானதை அவர் காட்டினார். முதலில் வரும் முதன்மை அலை, அடுத்து வரும் இரண்டாம் அலை, கடைசியில் மேற்பரப்பு அலை. 1906-இல் அவர் உலகின் பல நிலநடுக்கப் பதிவுகளை ஒப்பிட்டு, பூமியின் நடுவே அலைகளின் வேகத்தை மாற்றும் தனியான ஒரு கரு இருப்பதைக் கண்டறிந்தார். 1914-இல் குட்டன்பெர்க் அதன் எல்லை சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் உள்ளது எனக் கணித்தார். 1936-இல் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற அம்மையார், அதற்குள்ளும் ஓர் உட்கரு உண்டு என்று காட்டினார்.

இரண்டாம் வகை அலை திரவத்தின் வழியே செல்லாது. அது வெளிக்கருவில் நின்றுவிடுவதால் அப்பகுதி உருகிய நிலையில் உள்ளது என்று அறிகிறோம். முதன்மை அலை பூமியின் மையத்தினூடே மறுபுறத்தை ஏறத்தாழ 20 நிமிடத்தில் அடைகிறது. நடுவில் வெற்றிடமோ காற்றோ இருந்தால் அது இந்த நேரத்தில் வந்து சேர வழியே இல்லை.

கடற்கரை ஊர்களுக்கு இதன் பயன்

வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களுக்கு இது ஏட்டறிவு அன்று. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் முதன்மை அலை நான்கைந்து நிமிடங்களில் நம் கடற்கரைக்கு அடியில் வந்துவிட்டது. ஆழிப்பேரலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியைப் பயன்படுத்தும் ஏற்பாடு அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம், நிலநடுக்க அலைகள் வெவ்வேறு நிலையங்களை அடைந்த நேரங்களைக் கொண்டே நிலநடுக்கத்தின் இடத்தையும் ஆழத்தையும் சில நிமிடங்களில் கணிக்கிறது. அலை எந்த ஆழத்தில் எந்த வேகத்தில் செல்லும் என்ற அட்டவணை இல்லாமல் இக்கணிப்பு இயலாது. ஓல்டாமும் லேமனும் தொடங்கிவைத்த பூமியின் படமே அந்த அட்டவணை. பூமி உள்ளீடற்றதாக இருந்தால் ஒவ்வொரு எச்சரிக்கையும் பிழையாக வேண்டும். எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது அதை நம்பிக் கரையை விட்டு விலகுவதா வேண்டாமா என்பது, இந்த அறிவை மதிக்கிறோமா என்பதையும் பொறுத்தது.

மண்ணுக்கடியில் இருந்த உண்மை நகரம்

ஜாக்கோலியோ கேள்விச் செய்தியாக ஒரு நகரத்தை எழுதிய காலத்தில், புதுச்சேரிக்குத் தெற்கே சில கி.மீ. தொலைவில் உண்மையான ஒரு பழைய ஊர் புதைந்து கிடந்தது. அதுதான் அரிக்கமேடு. வீராம்பட்டினத்து மக்கள் அங்கிருந்து பழைய செங்கற்களைத் தோண்டி எடுப்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே லெ ஜாந்தி குறித்து வைத்தார். 1930-களில் ழூவோ துய்ப்ராய் அங்கே கிடைத்த மணிகளையும் பிற தொல்பொருள்களையும் கவனித்துச் சேகரித்தார். 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு செய்தனர். மண்ணடுக்கு ஒவ்வொன்றையும் அளந்து, எந்த அடுக்கில் எந்த ஓடு கிடைத்தது என்று வரைந்து வைத்தார்கள். ரோமானியருடன் வணிகம் செய்த துறைமுகம் அப்படித்தான் வெளிப்பட்டது. வீலரின் காலக்கணிப்பைப் பெக்லி திருத்தினார். தோண்டியவரின் குறிப்பும் படமும் பிறர் சரிபார்க்கும்படி இருந்ததால் அந்தத் திருத்தம் சாத்தியமாயிற்று.

எழுதுவோரும் படிப்போரும் கேட்க வேண்டியவை

இத்தகைய நூலையோ காணொளியையோ மாணவர் கொண்டுவந்தால், "இதெல்லாம் பொய்" என்று தள்ளிவிடுவதில் பயனில்லை. கேள்வி கேட்கும் ஆர்வம் நல்லது. ஹாலியும் அங்கிருந்துதான் தொடங்கினார். பின்வரும் கேள்விகளை அவரோடு சேர்ந்து கேட்கலாம்:

1. இந்தப் படம் ஒளிப்படமா, வரைபடமா? ஒளிப்படம் என்றால் எடுத்த நாள், இடம், கருவி என்ன?
2. சொல்லப்படும் எண்களைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்தால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா?
3. எது கண்டுபிடிக்கப்பட்டால் தம் கொள்கை தவறென்று ஆசிரியர் ஒப்புக்கொள்வார்? அப்படி எதுவும் இல்லையென்றால் அவர் ஆராயவில்லை; வாதாடுகிறார்.
4. மேற்கோள் காட்டும் பழைய நூல் உண்மையில் உள்ளதா? அதில் அந்தச் செய்தி இருக்கிறதா?
5. இக்கொள்கை விளக்கும் புதிருக்கு வேறு எளிய விளக்கம் உண்டா?

புராணங்களையும் காப்பியங்களையும் இக்கேள்விகளுக்கு முன் நிறுத்த வேண்டிய அவசியமில்லை. சுயம்பிரபையின் பிலம் கம்பனின் கவிதைக்குள் ஒளிவிடுகிறது. அதற்குத் துருவத்தில் துளை வேண்டியதில்லை. அதை நிலவியல் சான்றாக இழுத்து வந்தால், அளவீடு அதை மறுக்கும்போது கவிதைக்கும் சேர்த்து இழுக்கு வருகிறது. பிள்ளைகளுக்கு இரண்டையும் கற்பிக்கலாம். பிலம் புக்கு நீங்கு படலத்தைத் தமிழ் வகுப்பிலும், 0.798-இன் மும்மடியைக் கணித வகுப்பிலும்.